நாலு குழி போட்ட கல்

ஒன்பது வருஷத்தில் நஞ்சம்மா பதினோரு தடவை கடற்கரைக்குப் போய் வந்திருக்கிறாள். ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்ததில்லை.

மைசூர் மண்டி மொஹல்லாவில் அவள் குடியிருக்கும் சந்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சுற்றுலா பஸ்ஸோடு சமைக்கப் போகிறவர்களுக்குத்தான் இது புரியும். பஸ் நின்றதும் ஜனங்கள் இறங்கி ஒரு பக்கம் போவார்கள். அடுப்பும் அண்டாவும் இறங்கி இன்னொரு பக்கம் போகும். அடுப்பு எங்கே போக வேண்டும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். நல்ல தண்ணீர் கடலை ஒட்டிக் கிடைக்காது. உடுப்பியில் ஒரு சத்திரத்தின் பின்பக்கம், முருடேஸ்வரத்தில் கல்யாண மண்டபத்துக் கொல்லை, கோகர்ணத்தில் ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு. அலைச் சத்தம் கேட்கும். அவள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். பந்தி போட்டு, எச்சில் இலை எடுத்து, அண்டா கழுவி ஏற்றுவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவான்.

மகள் சுசித்ரா செல்போனை நீட்டுவாள். "இந்தாம்மா கடல். பாத்துக்கோ. இதுக்குப் போயி இவ்வளவு ஆசையா?"

"அந்தக் கடல் இல்லடி."

"எல்லாம் ஒரே தண்ணிதாம்மா."

நஞ்சம்மாவுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை. ஒரு கல்.

அவள் புருஷன் ஜடையன் ஹனூர்ப் பக்கத்து மார்டள்ளிக்காரன், கல் உடைக்கிறவன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து ஏழு பேராகக் கிளம்பி கும்டா பக்கம் வேலைக்குப் போனார்கள். கடல் அரிக்கிற கரைக்குத் தடுப்புச் சுவர். மலையில் கல் உடைத்து, லாரியில் ஏற்றி, தாரிகேணி என்கிற மீனவக் குப்பத்தில் கடப்பாரையால் நெம்பி நெம்பி அடுக்க வேண்டும். நஞ்சம்மா அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். அவன் திரும்பி வந்தபோது உள்ளங்கைத் தோல் இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. ஆனால் வாய் மூடவில்லை. ஒரு வாரம் அதே பேச்சு.

"கிணறு ஒண்ணு இருக்குது நஞ்சு, கோயிலுக்கு முன்னால. தண்ணி எளநியாட்டம். கிணத்தடியில ஒரு பீடி பத்த வெச்சா சுவத்துக்குப் போய்ச் சேர்றப்ப பீடி முடிஞ்சிருக்கும். அவ்வளவு தூரம். கிணத்துக்கு நேரா, மேல் வரிசையில ஒரு தட்டக் கல்லு வெச்சிருக்கறேன். உக்காந்து கடலைப் பாக்கறதுக்குன்னே வெச்சது."

"அத்தனை கல்லுல உங்க கல்லு எதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்க செட்டு அடையாளம் மூணு குழி. எல்லாக் கல்லுலயும் இருக்கும். இதுல மட்டும் நாலு." அவள் வயிற்றைக் காட்டினான். "நாலாவது இதுக்கு. பொறக்கட்டும், மூணு பேரும் போய் உக்காரலாம்."

சுசித்ராவுக்கு ஏழு மாதம் ஆனபோது ஊருக்குப் பக்கத்துக் கல்குழியில் பாறை சரிந்தது. ஜடையன் முகத்தை நஞ்சம்மாவுக்குக் காட்டவில்லை. துணி போட்டு மூடியே கொண்டுவந்து, மூடியே கொண்டுபோனார்கள். அவன் உடைத்த கல் எத்தனையோ வீட்டுக்கும் பாலத்துக்கும் போயிற்று. எது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அடையாளம் சொல்லிவிட்டுப் போனது இந்த ஒரு கல்லைத்தான்.

கைக்குழந்தையோடு மைசூருக்கு வந்தாள். கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவினாள். பிறகு மாதப்பனிடம் சேர்ந்தாள். அவனுக்கும் பூர்வீகம் ஹனூர்ப் பக்கம்தான். சுற்றுலா பஸ்ஸில் சமையல் அவன் பொறுப்பு, அவளைவிட எட்டு வயது இளையவன். கடற்கரைப் பக்கம் பஸ் போகும் என்றுதான் சேர்ந்தாள். பஸ் போயிற்று, தாரிகேணிக்குப் போகவில்லை. அங்கே கோயில் பெரிதில்லை, கோட்டை இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை.

போன மாதம் பஸ் கம்பெனி மேனேஜர் பசவராஜ் சமையல் ஷெட்டுக்கு வந்து சொல்லிவிட்டான். இனிமேல் ஹோட்டல்களில் சாப்பாடு பேசியாகிவிட்டது, அடுப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, மாதக் கடைசியில் போகிற பஸ்தான் கடைசி.

மாதப்பன், "நமக்கு என்னக்கா, கல்யாண ஆர்டர் இருக்குது, பொழச்சுக்கலாம்" என்றான். நஞ்சம்மா வேறு கணக்கில் இருந்தாள். மறுநாள் பசவராஜிடம் போனாள்.

"சாரு, மிர்ஜான் கோட்டைக்குப் போறப்ப மத்தியானச் சமையலுக்கு எடம் பாத்துட்டீங்களா?"

"போன தடவை மாதிரி ரோட்டோரத் தோட்டம்தான். ஏன்?"

"அந்தத் தோட்டத்துக்காரன் போன தடவையே மூஞ்சியைக் காட்டினான். பக்கத்துல தாரிகேணின்னு ஒரு ஊரு. கோயில் மண்டபம், கிணறு, தண்ணி எளநியாட்டம். சாப்புட்டு ஜனங்க அப்படியே பீச்சும் பாத்துக்கலாம்."

"நீ போயிருக்கியா?"

"எங்க வீட்டுக்காரர் போயிருக்கறாரு."

பசவராஜுக்கு பீச் என்ற வார்த்தை பிடித்துப்போயிற்று. பயணத் தாளில் பேனாவால் எழுதிச் சேர்த்தான்.

*

அக்ரஹாரத்தில் விடியற்காலையில் பஸ் கிளம்பியது. நாற்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் வயதானவர்கள். முன் வரிசையில் ஸரஸா மாமி, கோயில் தெருக்காரர், மேலுகோட்டை வழிக் குடும்பம். மூன்றாவது தடவையாக வருகிறார். மாமிக்கு ஹோட்டல் சாப்பாடு ஆகாது.

"நஞ்சம்மா, எங்கேயானாலும் கெணத்து ஜலம்தானே?"

"ஆமாங்கம்மா."

"உன் நாக்கை நம்பித்தான் வரேன்."

மாமி சும்மா சொல்லவில்லை. தண்ணீர் பார்ப்பது நஞ்சம்மாவின் வேலை. புது இடத்தில் இறங்கியதும் அடுப்பு மூட்டுவதற்கு முன் அவள்தான் ஒரு வாய் மொண்டு வைத்துப் பார்ப்பாள். நாக்கில் உருட்டித் துப்புவாள். அவள் சரி என்ற பிறகுதான் மாதப்பன் சிலிண்டரைத் திருப்புவான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எவ்வளவு எரித்தாலும் வேகாது. ஒன்பது வருஷத்தில் அவள் நாக்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மாதப்பன் அதற்கு மேல் ருசி பார்ப்பதே இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தாரிகேணியில் அடுப்பை இறக்கிவிட்டு பஸ் மிர்ஜான் கோட்டைக்குப் போயிற்று. ஒரு மணிக்குத் திரும்பி வரும்.

கோயில் இருந்தது. மண்டபம் இருந்தது. ஜடையன் சொன்ன மாதிரியே முன்னால் கிணறு இருந்தது. மண்டபத்துக்கு மேற்கே தாழம்புதர் அடர்ந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் சத்தம். அது தூரத்துச் சத்தமாக இல்லை. பக்கத்து வீட்டில் நெல் கொட்டுகிற மாதிரி கேட்டது.

நஞ்சம்மா வாளியை இறக்கினாள். மொண்டு வாயில் வைத்தாள்.

உப்பு.

நாக்கை ஏமாற்ற முடியாத உப்பு. மறுபடி மொண்டாள், அதே உப்பு. விழுங்கினாள். துப்பினால் மாதப்பன் திரும்பிப் பார்ப்பான். அவன் போன் போட்டால் பஸ் திரும்பி வரும். அடுப்பை ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போவார்கள். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

"எப்படிக்கா?" மாதப்பன் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நல்லாத்தான் இருக்குது."

அவன் அடுப்பைப் பற்ற வைத்தான்.

பெரிய அண்டாவில் பருப்பு ஏறியது. இவள் காய் நறுக்கினாள். கை காயில் இருந்தது, காது தாழம்புதருக்கு அந்தப் பக்கம்.

"சித்த அந்தப் பக்கம் போயிட்டு வந்தர்றனே."

"பருப்பு வேகட்டும், தாளிச்சுட்டுப் போங்கக்கா. கடலு என்ன, பஸ் ஏறி ஓடிப் போகுதா?"

பதினொரு மணிக்கு மாதப்பன் கரண்டியில் பருப்பை எடுத்து விரலால் நசுக்கினான். நசுங்கவில்லை. வாயில் போட்டுக் கடித்தான்.

"என்னக்கா இது, கூழாங்கல்லாட்டம் இருக்குது? மளிகைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிட்டானா?"

நஞ்சம்மா கத்தியைக் கீழே வைத்தாள். மளிகைக்காரன் தலையில் போட்டுவிடலாம். இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும்.

"பருப்பு நல்ல பருப்புதான் மாதப்பா. தண்ணி உப்பு."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே."

அவன் கரண்டியோடு நின்றான். திட்டுவான் என்று பார்த்தாள். அவன் திட்டவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தானே மொண்டு குடித்துப் பார்த்தான். காறித் துப்பினான்.

"நீங்களாக்கா?" என்றான்.

நஞ்சம்மா கல்லைப் பற்றிச் சொன்னாள். நாலு குழியைச் சொன்னாள். இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக மனசுக்குள் கிடந்தது, வெளியே வந்தபோது இரண்டே வரிதான்.

"இதை மைசூர்லயே சொல்லியிருந்தா நாலு கேன் தண்ணி கூட ஏத்தியிருப்பேனே. நாப்பத்திரண்டு பேரு வவுறு காஞ்சு வருவாங்க. அந்த மாமிக்கு என்ன சொல்றது? கல்லைப் பாக்க வந்தோம், நீங்களும் கல்லைத் தின்னுங்கன்னா?"

"கோவிச்சுக்க. பொறவு கோவிச்சுக்க. இப்ப கொடத்தைக் குடு."

குடிக்க வைத்திருந்த இரண்டு கேனை அரிசிக்கு வைத்துக்கொண்டார்கள். பருப்பை வடித்து மறுபடி ஏற்ற, ரசத்துக்கு, கை கழுவ, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். மீன் கூடையோடு போன ஒருத்தியை நிறுத்திக் கன்னடத்தில் கேட்டாள். அவள் பெயர் கௌரம்மா. நஞ்சம்மா வயதுதான் இருக்கும். முழங்கை வரை மீன் செதில் ஒட்டியிருந்தது.

"கோயில் கெணத்துத் தண்ணியா? அதை மாடுகூடக் குடிக்காதே. யாரு உங்களுக்குச் சொன்னது?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவரு எந்தக் காலத்துல குடிச்சாரு?" கௌரம்மா சிரித்தாள். "குப்பத்துக் கடைசியில பஞ்சாயத்துக் குழாய் இருக்கு. பன்னெண்டு மணிக்கு நின்னுடும். வா வா, ஓடு."

இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். குழாய்க்குப் போகும் வழி தாழம்புதரைத் தாண்டிக் கரையோரமாகவே போயிற்று. புதர் முடிந்த இடத்தில் கடல் வந்துவிட்டது. கிணற்றிலிருந்து நாற்பது எட்டுகூட இல்லை. பீடியை இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்.

அவள் நிற்கவில்லை. நிற்க நேரம் இல்லை. ஓடிக்கொண்டே பார்த்தாள். பழுப்பாக இருந்தது. போனில் நீலமாக இருக்கும். அவ்வளவு பெரிதாக ஒன்றை அவள் பார்த்ததில்லை. மார்டள்ளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து மறைக்கும். இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. கண் போய்க்கொண்டே இருந்தது. கால் கௌரம்மாவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கரை நெடுக சுவர் இருந்தது. கறுப்புக் கல், ஆள் உயரக் கல், ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டியிருந்தது. அலை கல் இடுக்கில் புகுந்து வெளியே வந்தது.

முதல் நடை நிறைகுடத்தோடு திரும்பும்போது மேல் வரிசைக் கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். புதுக் கல். உடைத்த முகம் இன்னும் பளபளப்பாக இருந்தது. குழி இல்லை. தட்டைக் கல்லும் இல்லை. அப்படியே லாரியிலிருந்து சரித்தது, கையால் அடுக்கினதில்லை. கல்லுடைக்கிறவன் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் போகாது.

இரண்டாவது நடையில் கேட்டாள். "கௌரம்மா, இந்தச் சுவரு பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால போட்டதா?"

"இதுவா? இது போன வருஷம் போட்டது."

"எங்க ஊரு ஆளுங்க வந்து போட்டாங்களே, கையால அடுக்கி."

"ஓ, அதா. அது மொதல் சுவரு. அது உள்ள போயி பத்து வருஷமாச்சு. அப்பறம் ரெண்டாவது போட்டாங்க, அதுவும் போச்சு. இது மூணாவது. கடலுக்குச் சோறு ஊட்டற மாதிரி கல்லு ஊட்டறாங்க. அது தின்னுட்டு இன்னும் குடுங்குது." குடத்தை இடுப்பு மாற்றினாள். "மொதல் சுவரு போனப்பதான் கெணறும் உப்பாச்சு."

"அந்த ஆளுங்க... கோயில் மண்டபத்துலதான் படுத்திருந்தாங்களாம். ஒருத்தரு உசரமா, இடது புருவத்துல வெட்டுக்காயம். ஞாபகம் இருக்குதா?"

கௌரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

"எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்கம்மா."

மூன்று, நான்கு, ஐந்து. பன்னிரண்டு அடிக்கும்போது ஆறாவது நடைக்குப் பாதிக் குடம்தான் நிறைந்தது, குழாய் மூச்சு விட்டு நின்றது. கௌரம்மா தன் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு குடம் கொண்டுவந்து அண்டாவில் கொட்டினாள். மாதப்பன் திரும்பிப் பார்க்காமல் பருப்பைக் கிளறினான். அது மெல்ல மெல்ல வாய் பிளந்தது.

பஸ் ஒரு மணிக்கு வந்தது. சோறு இறங்க ஒன்றே முக்கால் ஆயிற்று. பசி பொறுக்காமல் ஜனங்கள் தாழம்புதரைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"கோட்டைன்னா அது கோட்டை!" ஸரஸா மாமி மண்டபத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். "மிளகு வித்த ராணி கட்டினதாம். நானூறு ஐநூறு வருஷம், ஒரு கல்லு அசையலை. அகழி, கெணறு, சுரங்கம் எல்லாம் இருக்கு. இங்கே என்ன இருக்குன்னு கூட்டிண்டு வந்தான் பசவராஜ்? வெறும் கல்லைக் கொட்டி வெச்சிருக்கு."

"அதையும் ஆளுங்கதாம்மா போட்டாங்க," என்றாள் நஞ்சம்மா.

குரலில் இருந்த சூட்டில் மாமி நிமிர்ந்து பார்த்தார். நஞ்சம்மாவின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. இலையில் சோறு விழுந்தது.

"கெணத்து ஜலம்தானே?"

மாதப்பன் ரசவாளியோடு அங்கேயே நின்றான். அவன் அவளைப் பார்த்தான், அவள் இலையைப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா. கெணறு உப்பு. குழாய்த் தண்ணி. குடத்துல கொண்டாந்தது."

மாமி கையை இலைக்கு மேலே வைத்துக்கொண்டு யோசித்தார். பசி யோசிக்க விடவில்லை. "சரி போடு," என்றார். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இன்னிக்கு ஒரு தடவை அப்படித்தாம்மா இருந்து பாத்தேன்."

பந்தி முடிந்தது. இலை எடுத்தாயிற்று. அண்டாவைக் கழுவ எடுத்தபோது மாதப்பன் பிடுங்கிக்கொண்டான்.

"போய்ட்டு வாங்க. ஹாரன் அடிச்சா வந்துடணும்."

"நீ கோவமா இருக்கியே."

"கோவத்தைப் பஸ்ஸுல வெச்சுக்கறேன். போங்க."

கிணற்றடியில் நின்று நேர்க்கோடு பிடித்தாள். கிணற்றுக்கு நேரா என்றுதான் ஜடையன் சொன்னான். அதே கோட்டில் நடந்து சுவர் மேல் ஏறினாள். புதுக் கல்லின் முனை காலைக் கிழித்தது. உச்சியில் உட்கார இடம் இல்லை. யாரும் உட்காருவதற்கென்று வைக்காத கல். நின்றே பார்த்தாள். இந்தக் கோட்டில் எங்கேயோ, பாதி பீடி தூரத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அலை வந்து விலகும்போதெல்லாம் அங்கே கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். நுரைதான் தெரிந்தது. கீழே இறங்கி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. அதை அவன் சொல்லவே இல்லை.

"அங்க எறங்காத, பாசி வழுக்கும்!" பின்னால் கௌரம்மா காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு நின்றாள். "என்னத்தைத் தேடற?"

"மொதல் சுவத்துக் கல்லு. நாலு குழி போட்ட தட்டக் கல்லு."

"குழியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா கல்லு இருக்கு. வருஷத்துல ஒரு அமாவாசைக்குக் கடலு நல்லா உள்ள வாங்கும். அப்ப அந்தச் சுவரோட தலை தெரியும். புள்ளைங்க அது மேல ஏறி நண்டு புடிக்கும். நானே நடந்திருக்கேன்."

"நெசமாவா?"

"மொத்தம் ஒரு மணி நேரம். அப்பறம் மூடிக்கும்."

ஹாரன் அடித்தது. ஒரு தடவை, உடனே இரண்டாவது தடவை. நஞ்சம்மா கௌரம்மாவின் செதில் ஒட்டின கையைப் பிடித்தாள். மூன்றாவது தடவை அடித்தது. ஓடினாள்.

*

அடுத்த நாள் மத்தியானம் மண்டி மொஹல்லா குழாயடியில் புடவையை நனைத்துக் கும்மிக்கொண்டிருந்தாள். நனைப்பதற்கு முன் அதன் கரையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. காலேஜிலிருந்து வந்த சுசித்ரா பையைக்கூட வைக்காமல் எதிரில் குந்தினாள்.

"பாத்தியாம்மா?"

"கடலைப் பாத்தேன்."

"கல்லு? கல்லு சிக்தா?"

"சிக்கலை. அடியில போயிடுச்சு."

கல்லைப் பற்றி சுசித்ரா எப்போதும் கிண்டல்தான் செய்வாள். இன்றைக்குச் செய்யவில்லை. குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். "அஷ்டேனா? அவ்வளவுதானா?"

"வருஷத்துல ஒரு அமாவாசைக்குத் தலை தெரியுமாம். மேல ஏறி நடக்கலாமாம்."

"அப்ப போலாம்மா. நாம ரெண்டு பேரும், பஸ் புடிச்சு. இந்த அடுப்பு, அண்டா எதுவும் வேணாம்." சுசித்ரா போனை எடுத்துவிட்டாள். விரல் அமாவாசைத் தேதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது. "எந்த மாசத்து அமாவாசை?"

நஞ்சம்மாவின் கை புடவையில் அப்படியே நின்றது.

"ஹாரன் அடிச்சுட்டானே," என்றாள். "கேக்காம வந்துட்டேன்."